கோணிய பழைய பலகைகளால் மேட்டுப்பாத்திக்குக் கரை கட்டுதல்

ஓட்டு வீடுகள் இடிபடும் ஊர்களில் உள்ள பழைய மரக்கடைகளுக்குச் சென்றால், நேரான தேக்குச் சட்டங்களும் நிலைகளும் முன்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். பின்சுவரின் ஓரமாக, வெயிலிலும் மழையிலும் கிடந்து வளைந்தும் முறுக்கியும் போன பலகைகள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். கதவுக்கோ அலமாரிக்கோ அவை உதவாது என்பதால் தச்சர்கள் அவற்றைத் தொடுவதில்லை. ஆனால் காய்கறி மேட்டுப்பாத்தியைச் சுற்றி மண்ணைத் தாங்கி நிற்கும் கரைக்கு அவற்றில் பெரும்பாலானவை மிகவும் பொருத்தமானவை. பல பத்தாண்டுகள் கூரையின் கீழ் உலர்ந்த முதிர்ந்த வயிரப்பகுதி, அதாவது மரத்தின் கெட்டியான உட்பகுதி, இன்று புதிதாக வாங்கும் இளமரத்தைவிட மண்ணீரத்தை அதிக நாள் தாங்கும்.

இந்த வேலையில் அடிப்படையான கருத்து ஒன்றுதான். கோணிய பலகையை இழைத்து நேராக்க முயல வேண்டியதில்லை. அப்படி இழைத்தால் கனத்தில் பாதி சுருளாகப் போய்விடும். பாத்தியின் மண் பலகையை எந்தத் திசையில் தள்ளும், ஈரம் அதன் எந்த முகத்தை விரியச் செய்யும் என்பதை முதலில் அறிந்துகொண்டு, அந்த இரண்டும் கோணலைக் குறைக்கும் விதமாகப் பலகையைத் திருப்பி வைக்க வேண்டும். பலகை தவறான பக்கம் திரும்பியிருந்தால் எத்தனை ஆணி அடித்தாலும் இரண்டு மழைக்காலத்தில் கரை பிதுங்கிவிடும்.

எடுத்துக்காட்டாக, 8 அடி நீளமும் 4 அடி அகலமும் 1 அடி உயரமும் கொண்ட பாத்தியை வைத்துக்கொள்வோம். 4 அடிக்கு மேல் அகலம் வேண்டாம். இருபுறமிருந்தும் கையை நீட்டி நடுப்பகுதியைத் தொட முடிய வேண்டும், பாத்திக்குள் கால் வைக்கும் நிலை வரக்கூடாது. ஆறங்குல அகலப் பலகைகளை இரண்டு வரிசையாக அடுக்கினால் ஓரடி உயரம் கிடைக்கும். சுற்றளவு 24 அடி என்பதால் மொத்தம் 48 அடி ஓட்டம் தேவை. கோணிய மரத்தில் கழிவு அதிகம் என்பதால் 60 அடிக்குக் குறையாமல் எடுத்து வையுங்கள்.

எந்த மரத்தை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்

தேக்கு, வேங்கை, கருமருது ஆகியவற்றின் வயிரப்பகுதி மண்ணைத் தொட்டு நிற்கத் தகுந்தது. அதே தேக்கிலும் வெளிறிய நிறமுள்ள வெளிமரத்தைக் கரையான் விரைவாக அரித்துவிடும்; ஆகையால் பலகையின் ஓரத்தில் வெளிர் பட்டை தெரிந்தால் அதை அறுத்து நீக்குங்கள், அல்லது அந்தப் பலகையை மேல் வரிசைக்கு ஒதுக்குங்கள். மாமரம் போன்ற மென்மரங்களும், சரக்குப் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைன் பலகைகளும் இந்த வேலைக்கு ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் நிற்பது அரிது. அப்படியும் சரக்குத் தட்டுப் பலகையைப் பயன்படுத்த நேர்ந்தால், அதில் குத்தப்பட்டுள்ள முத்திரையைப் பாருங்கள். 'எச்டி' (HT) என்றிருந்தால் வெப்பத்தால் பதப்படுத்தப்பட்டது. 'எம்பி' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் நச்சுப்புகை இட்டது, அதை உண்ணும் பயிருக்கு அருகில் கொண்டுவர வேண்டாம்.

கீரையும் தக்காளியும் வளர்க்கும் பாத்திக்கு மரத்தின் வயதைவிட அதன் மேல் எது பூசப்பட்டது என்பதே முக்கியம். இரயில் பாதையிலிருந்து வந்த பழைய கட்டைகளில் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கிரியோசோட் என்னும் நச்சு எண்ணெய் ஊறியிருக்கும். வெயிலில் அது கசிந்து மணக்கும். பச்சை நிறம் பாய்ந்த பதப்படுத்திய மரத்தில் ஆர்செனிக் இருக்கக்கூடும். பழைய கதவு, சன்னல் பலகைகளில் உள்ள பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. வீட்டுப் பெயிண்டில் ஈய அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சத்தில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அத்தகைய பெயிண்டை உப்புத்தாள் கொண்டு தேய்த்தால் ஈயத்தூள் மூச்சிலும் மண்ணிலும் கலக்கும். ஆகவே பெயிண்ட் பூசிய பலகையைச் சுத்தம் செய்து பயன்படுத்தலாம் என்று எண்ணாமல் ஒதுக்கிவிடுங்கள். தரைமட்டத்தில் பதிந்திருந்த நிலைக்கால்களின் அடிப்பகுதியையும் ஓரடி அளவுக்கு வெட்டி எறிவது நல்லது. கரையானுக்காக அக்காலத்தில் ஊற்றப்பட்ட ஆல்ட்ரின் போன்ற மருந்துகள் அங்கேதான் ஊறியிருக்கும். மேற்கூரையிலிருந்து வந்த, எதுவும் பூசாத கைமரமும் பலகையுமே இவ்வேலைக்குச் சிறந்தவை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு ஒவ்வொரு பலகையையும் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். உறுதியான மரம் கணீரென்று ஒலிக்கும். உள்ளே கரையான் தின்ற இடம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் திருப்புளி முனையை அழுத்தினால், நல்ல மரத்தில் அது வழுக்கும், உளுத்த மரத்தில் இறங்கும். முறிந்து உள்ளே தங்கிய ஆணிகளைக் காந்தத்தை நகர்த்திக் கண்டுபிடித்துப் பிடுங்குங்கள். ஒரு ஆணி போதும் வாளின் பற்களைக் கெடுக்க.

கோணலைப் படித்தல்

பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் கண்ணுக்கு நேராக உயர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு விளிம்போடு பார்வையை ஓட்டுங்கள். பிறகு பலகையைக் கால் சுற்று திருப்பி அடுத்த விளிம்பைப் பாருங்கள். கோணல் நான்கு வகைப்படும்; ஒரே பலகையில் இரண்டு வகை சேர்ந்திருப்பதும் உண்டு.

முதல் வகையில் பலகையின் அகன்ற முகம் நீளவாக்கில் வில்போல் வளைந்திருக்கும். இரண்டாவதில் முகம் தட்டையாகவே இருக்க, விளிம்பு மட்டும் அரிவாள்போல் பக்கவாட்டில் வளைந்திருக்கும். மூன்றாவதில் பலகை அகலவாக்கில் குழிந்து, ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். நான்காவது முறுக்கு: நான்கு மூலைகளில் ஒன்று மட்டும் தரையைத் தொடாமல் எழும்பி நிற்கும். முறுக்கைக் கண்ணால் மட்டும் அளக்க இயலாது. நேரான இரண்டு அலுமினியப் பட்டிகளைப் பலகையின் இரு முனைகளிலும் குறுக்காக வைத்து, ஒன்றின் மேல்விளிம்பு வழியாக மற்றொன்றைப் பார்த்தால், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

குழிவு ஏன் ஏற்படுகிறது என்பதைப் பலகையின் வெட்டுமுனையே சொல்லும். அங்கே வளர்ச்சி வளையங்கள் வில் வில்லாகத் தெரியும். மரம் உலரும்போது வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, வளையங்களுக்குக் குறுக்கே சுருங்கும் அளவைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. நீளவாக்கிலோ சுருக்கம் மிக மிகக் குறைவு. அதனால் உலரும் பலகையில் வளைய வில்கள் நிமிர முயன்று, பட்டைப் பக்கமிருந்த முகம் குழிந்துவிடுகிறது. இந்த விவரத்தை நினைவில் வையுங்கள். ஈரம் பட்டால் அகலத்தில் மட்டுமே மாற்றம் வரும், நீளத்தில் வராது என்பதே பின்னர் பலகையைத் திருப்பி வைக்கும் முறையைத் தீர்மானிக்கும்.

அறுப்பதால் கோணல் எவ்வளவு குறையும்

வில் வளைவும் குழிவும் நீளத்தின் அல்லது அகலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தவை. 8 அடிப் பலகை நடுவில் 40 மில்லிமீட்டர் வளைந்திருந்தால், அதை நடுவில் அறுத்த இரண்டு 4 அடித் துண்டுகளிலும் வளைவு 10 மில்லிமீட்டர்தான் இருக்கும். 12 மில்லிமீட்டர் குழிந்த அகலப் பலகையை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் ஒவ்வொன்றிலும் 3 மில்லிமீட்டர் மட்டுமே எஞ்சும். முறுக்கு இப்படி விரைவாகக் குறையாது. நீளம் பாதியானால் அதுவும் பாதியாகும், அவ்வளவே. ஆகவே வளைந்தவற்றில் மோசமானவற்றை 4 அடிப் பக்கங்களுக்கு அறுத்துக்கொள்ளுங்கள். முறுக்கிய பலகைகளை இரண்டடிக்கும் குறைவான துண்டுகளாக்கி வேறு சிறு வேலைகளுக்கு ஒதுக்குவதே என் பரிந்துரை. முறுக்கை மண்ணும் சரிசெய்யாது, ஈரமும் சரிசெய்யாது, அதோடு மல்லுக்கட்டுவதில் பயனில்லை.

மண் தள்ளும் விதம்

ஓரடி ஆழமுள்ள ஈரமண் தன் கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு ஈடான விசையுடன் வெளிநோக்கித் தள்ளும். கரையை இரண்டடியாக உயர்த்தினால் அது 50 கிலோ ஆகாது, 100 கிலோ ஆகும். விசை உயரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. பழைய பலகையால் கட்டும் கரையை ஓரடியோடு, மிஞ்சினால் ஒன்றரை அடியோடு நிறுத்த வேண்டும் என்பதற்கு இதுவே காரணம். விசை முழுதும் சேர்ந்து தாக்கும் இடம் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கும். ஆகையால் கீழ் வரிசைக்குக் கனமான, வயிரம் மிகுந்த பலகைகளையும், கண்ணில் படும் மேல் வரிசைக்கு நேரானவற்றையும் பிரித்து வையுங்கள்.

இப்போது திருப்பி வைக்கும் முறைக்கு வருவோம். வில்போல் வளைந்த பலகையில் புடைத்த பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும். மண் அந்தப் புடைப்பை வெளிநோக்கித் தள்ளத் தள்ள, பலகை நேராகும். அகலவாக்கில் குழிந்த பலகைக்கோ இது நேரெதிர்: குழிந்த பக்கம் மண்ணைப் பார்க்க வேண்டும். உள்முகம் எப்போதும் ஈரமாக இருப்பதால் விரியும். வெளிமுகம் வெயிலில் காய்ந்து சுருங்கும். விரியும் முகம் எப்போதும் புடைக்கவே முயலும் என்பதால், குழிந்த முகத்தை ஈரப்பக்கம் வைத்தால் குழிவு நிரம்பிப் பலகை தட்டையாகும். புடைத்த முகத்தை ஈரப்பக்கம் வைத்தால் அது மேலும் புடைத்து, வெளிப்புற ஓரங்கள் இரண்டும் திறந்துகொள்ளும். பழக்கமுள்ளவர்கள்கூட இவ்விரண்டையும் ஒரே விதியாக எண்ணி எல்லாவற்றையும் ஒரே பக்கம் திருப்பிவிடுகிறார்கள். வில் வளைவு விசையால் நிமிர்கிறது, குழிவு ஈரத்தால் நிமிர்கிறது என்று பிரித்து நினைவில் கொண்டால் குழப்பம் வராது. இரண்டும் சேர்ந்த பலகையில் நீள வளைவையே முதன்மையாகக் கொண்டு திருப்பி, குழிவு பெரிதாக இருந்தால் முன்னர் சொன்னபடி அகலத்தைப் பிளந்துவிடுங்கள்.

விளிம்பு வளைந்த பலகையைக் கீழ் வரிசையில், வயிற்றுப்பகுதி கீழே இருக்குமாறு வையுங்கள். இரு முனைகளும் மேல்நோக்கி எழும்பி நிற்கும். காவிப்பொடி தோய்த்த நூலை இழுத்துக் கோடு போட்டு, மேல்விளிம்பை மட்டும் நேராக அறுத்தால் போதும். அடிவிளிம்பின் வளைவு ஜல்லிக்குள் மறைந்துவிடும், பலகையின் நடுப்பகுதி முழு அகலத்தோடு நிற்கும்.

தரையும் கால்களும்

வீட்டுச் சுவரிலிருந்து இரண்டடியாவது தள்ளி இடம் குறியுங்கள். சுவரை ஒட்டிய பாத்தி, கரையானுக்கும் ஓதத்துக்கும் வீட்டுக்குள் வழி திறந்துவிடும். மூலைகளை 3 அடி, 4 அடி, 5 அடி என்ற அளவால் சரிபார்த்து, இரு மூலைவிட்டங்களும் சமமாக இருக்கின்றனவா என்று நூலால் அளந்துகொள்ளுங்கள். குறித்த கோட்டின் வழியே ஒரு சாண் அகலமும் நான்கு அங்குல ஆழமும் கொண்ட பள்ளம் எடுத்து, முக்கால் அங்குல ஜல்லியை நிரப்பி, ரசமட்டம் வைத்து சமமாக்குங்கள். ஜல்லி கரையானைத் தடுத்துவிடாது. மரத்தின் அடியில் நீர் தேங்காமல் காப்பதும், கரையின் வெளிப்புறத்தில் இரண்டங்குலம் வெறுமையாகக் கிடந்து, கரையான் கட்டிக்கொண்டு ஏறி வரும் மண்கோட்டைக் கண்ணில் காட்டுவதுமே அதன் பயன்.

கால்களைக் கரையின் வெளிப்புறத்தில் நிறுத்துங்கள். பலரும் பார்வைக்காக உட்புறம் நிறுத்துகிறார்கள். அப்போது மண் பலகையைக் காலிலிருந்து பிரித்துத் தள்ள, முழுப் பளுவும் திருகாணியின் பிடியில் தொங்குகிறது. வெளிப்புறக் காலில் பலகை சாய்ந்து நிற்கும்; போல்ட் அதை இடத்தில் வைத்திருக்க மட்டுமே. மரக்கால் தரைமட்டத்தில்தான் முதலில் மக்கும் என்பதால், 50 மில்லிமீட்டர் இரும்பு எல்-ஆங்கிள்களை மூன்றடி நீளத்துக்கு வெட்டி, ரெட் ஆக்சைடு பூசிப் பயன்படுத்துங்கள். மூலையில் ஆங்கிளின் இரு சிறகுகளும் இரண்டு பக்கப் பலகைகளையும் வெளியிலிருந்து அணைத்துக்கொள்ளும். கோணிய பலகைகளை மூலையில் சாய்வாக அறுத்துப் பொருத்தும் வீண் வேலை மிச்சம். நீளப் பக்கத்தில் ஒன்றரை அங்குலக் கனப் பலகையானால் நடுவில் ஒரு கால் போதும்; ஒரு அங்குலக் கனமானால் இரண்டு வேண்டும். ஓரடி வெளியிலும் இரண்டடி மண்ணுக்குள்ளும் இருக்க வேண்டும். செம்மண்ணில் இந்த ஆழம் தாராளம். கரிசல் மண் கோடையில் வெடித்து மழையில் உப்பும் இயல்புடையது என்பதால், அங்கே ஆங்கிளை அரையடி கூடுதல் நீளமாக வெட்டி, அந்த அளவுக்கு ஆழமாக ஊன்றி, குழியை ஜல்லியால் இடித்து நிரப்புங்கள்.

பலகைகளைப் பொருத்துதல்

அறுத்த முனைகளை முதலில் மூடுங்கள். மரம் நீரை உறிஞ்சுவது பெரும்பாலும் வெட்டுமுனை வழியாகத்தான். உருக்கிய மெழுகையோ ஆளிவிதை எண்ணெயையோ இரண்டு மூன்று முறை தடவினால் வெடிப்பும் மக்குதலும் கணிசமாகக் குறையும். கரையானுக்கென்று வண்டியின் கழிவு எண்ணெயைப் பூசும் வழக்கம் நம்மிடம் பரவலாக உண்டு. அதில் கன உலோகங்களும் நச்சுச் சேர்மங்களும் கலந்திருப்பதால், உண்ணும் பயிர் வளரும் கரையில் அதைத் தொடவே கூடாது.

பழைய தேக்கும் வேங்கையும் கல்போல் இறுகியிருக்கும் என்பதால் துளையிடாமல் திருகாணி ஏற்றினால் தலை முறிந்துவிடும். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் துளையிட்டு, பெரிய வாஷர் வைத்துப் பூட்டுங்கள். பலகை அகலத்தில் விரிந்து சுருங்க அந்த இடைவெளி தேவை. கால்வனைஸ் செய்த போல்ட்டோ துருப்பிடிக்காத போல்ட்டோ நல்லது. வேங்கையில் சாதாரண இரும்பைச் சுற்றிக் கருங்கறை பரவும்.

வளைந்த பலகையை உட்புறமிருந்து கால்களில் சாய்த்தால், முனைகள் இரண்டும் மூலை ஆங்கிள்களைத் தொட, நடுப்பகுதி நடுக்காலிலிருந்து விலகி உள்நோக்கி நிற்கும். முனைகளை முதலில் பூட்டுங்கள். பிறகு நடுவில் நீண்ட போல்ட்டை நுழைத்து, நட்டைக் கால் சுற்றுக் கால் சுற்றாக இறுக்கி, ஒவ்வொரு முறையும் சற்று நேரம் விடுங்கள். மரம் மெல்ல முனகும் ஒலி இயல்பானது. சுரீரென்று ஒரு வெடிப்பொலி கேட்டால் உடனே தளர்த்திவிடுங்கள். முழங்காலால் அழுத்தி எவ்வளவு இடைவெளியை மூட முடிகிறதோ, அவ்வளவை மட்டுமே போல்ட்டால் இழுக்கலாம் என்பது நம்பத்தக்க அளவுகோல். அதற்கு மேல் எஞ்சும் இடைவெளியை மண்ணின் அழுத்தத்துக்கு விட்டுவிடுங்கள். முழங்காலுக்கு அசையாத பலகையை அறுத்துச் சிறிதாக்குங்கள்.

இரு வரிசைகளுக்கும் இடையே 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை இடைவெளி விடுங்கள். மரம் ஊறி விரியும்போது அது தானே சுருங்கும், மிகுந்த நீரும் அதன் வழியே வடியும். பலகை இணைப்புகள் காலின் மேல்தான் வர வேண்டும். மேல் வரிசையின் இணைப்பும் கீழ் வரிசையின் இணைப்பும் ஒரே காலில் அமையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீளப் பக்கங்களின் நடுக்கால்களை, மேல்விளிம்பிலிருந்து நான்கு அங்குலம் கீழே, 6 மில்லிமீட்டர் கம்பியால் பாத்தியின் குறுக்கே ஒன்றோடொன்று பிணைத்துவிட்டால், எத்தனை அடைமழையிலும் கரை வெளியே சாயாது. கம்பி மண்ணுக்குள் மறைந்துவிடும். கொத்தும்போது மட்டும் அதன் இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

உட்புறத்தில் தார்ப்பாய் ஒட்டலாமா என்று பலர் கேட்பதுண்டு. வயிரத் தேக்குக்கு வேண்டியதில்லை. விரிப்புக்கும் மரத்துக்கும் இடையில் கரையான் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும். தரம் குறைந்த மரமானால் பக்கங்களில் மட்டும் விரித்து, அடிப்பகுதியைத் திறந்தே விடுங்கள்.

மண் நிரப்புதல்

இந்தப் பாத்தியின் கொள்ளளவு ஏறத்தாழ 30 கன அடி. மண் அமுங்கும் என்பதால் அதற்கும் கூடுதலாகத் தேவைப்படும். செம்மண் பாதியும், நன்கு மக்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் சேர்ந்து மூன்றில் ஒரு பங்கும், மீதி நார்க்கழிவுமாகக் கலக்கலாம். நார்க்கழிவில் உப்பு இருக்கும். நல்ல நீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்னரே சேர்க்க வேண்டும். நான்கு அங்குலத்துக்கு ஒரு அடுக்காக, எல்லாப் பக்கமும் சமமாக நிரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் நீர் தெளித்து அமர விடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் வண்டியிலிருந்து மொத்தமாகக் கொட்டினால் எதிர்ப்பக்கத் தாங்கல் இல்லாமல் கரை கோணிக்கொள்ளும். கரையோரத்தில் மிதித்து இறுக்கவும் வேண்டாம்.

வைகாசி, ஆனி மாதங்களில் கட்டி முடித்தால், மண் அமர்ந்து ஆடிப்பட்டத்துக்குப் பாத்தி தயாராகிவிடும். முதல் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், தை மாதத்தில், எல்லா நட்டுகளையும் ஒருமுறை சோதியுங்கள். ஈரத்தில் விரிந்த பலகை சிலவற்றில் வாஷரை மரத்துக்குள் பதித்திருக்கும், அவற்றைச் சற்றுத் தளர்த்துங்கள். மண் தள்ளி நிமிர்ந்த வளைந்த பலகைகளில் நட்டு தளர்ந்து சுழலும், அவற்றை மறுபடி இறுக்குங்கள். ஜல்லி ஓரத்தில் மண்கோடு தென்பட்டால் சுரண்டி எடுத்து, அது எங்கே தொடங்குகிறது என்று பின்தொடர்ந்து பாருங்கள். கீழ் வரிசையில் ஒரு பலகை உளுத்துவிட்டால், அந்தப் பக்கத்து மண்ணை ஒரு முழம் அளவுக்கு விலக்கி, போல்ட்டைக் கழற்றி, ஒதுக்கி வைத்த மிச்சப் பலகைகளில் ஒன்றை அதே முறையில் திருப்பிப் பூட்டிவிடலாம். கால்களையோ மற்றப் பலகைகளையோ அசைக்க வேண்டியதில்லை.